மூலை இல்லாத சோப்பு

நாத்தனாரைப் பற்றி நாலு பேர் நடுவில் நல்லதாகப் பேசும் பெண்ணை யாரும் நம்புவதில்லை. ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அதான் ஐஸ் வைக்கிறாள் என்று நினைப்பார்கள். அதனால் நம் தையல்காரி தன் நாத்தனாரைப் பற்றி வெளியில் வாயே திறப்பதில்லை. ஆனால் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று நெஞ்சு நிறைந்துவிடும். இந்த மனுஷி மட்டும் வராமல் இருந்திருந்தால் நாம் என்ன ஆகியிருப்போம் என்று நினைத்துக்கொள்வாள்.

நாத்தனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் குரல் போகவில்லை. அவருடைய தம்பி, அதாவது தையல்காரியின் கணவன், பிளம்பர். மாடித் தொட்டிக்குக் குழாய் மாட்டப் போனவன் ஏணியோடு சரிந்து, வலது மணிக்கட்டு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். சேதி கேட்ட மறுநாளே நாத்தனார் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். "நீ போய் மிஷின்ல உக்காரு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் படுத்தார், டாக்டரிடம் சண்டை போட்டார், சமைத்தார், பாத்திரம் துலக்கினார், தம்பியின் கைக்குக் காலையும் மாலையும் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். ஒரு நாள்கூட 'உங்களுக்காக நான்' என்று ஆரம்பித்ததில்லை.

இப்படிப்பட்டவருக்கு நன்றி சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. புடவை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம்பிக்கு இரண்டு பெட்ஷீட் வாங்கிவந்தார். செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அது இப்போது தையல்காரியின் காலில்தான் இருக்கிறது. வாயால் சொல்லலாம் என்று "அண்ணி, நீங்க மட்டும் இல்லேன்னா" என்று தொடங்கினால், "அடுப்புல என்னமோ தீயுது பாரு" என்று அனுப்பிவிடுவார். எதை நீட்டினாலும் ஒரே பதில்: "எனக்கெதுக்கு?" அடுத்த மாதம் நாத்தனாரின் மருமகளுக்குப் பிரசவம். ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். வெறுங்கையோடு அனுப்பிவிடுவோமோ என்ற பயம் தையல்காரியை அரித்துக்கொண்டே இருந்தது.

வழி குளியலறையிலிருந்து வந்தது. ஆயுசு முழுக்க டிக்கெட் கிழித்ததில் நாத்தனாரின் கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. கடைச் சோப்பு செங்கல் மாதிரி இருக்கும். மூலை மூட்டில் குத்தும், குத்தினால் பிடி விடும், சோப்பு தரையில் சறுக்கிக்கொண்டு ஓடும். "டிக்கெட் எடுக்காம எங்கடா இறங்கி ஓடற!" என்று உள்ளேயிருந்து சத்தம் கேட்கும். வீடே சிரிக்கும். ஒரு நாள் சிரித்து முடித்த பிறகு தையல்காரிக்கு உறைத்தது. மூலையே இல்லாமல், உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி வட்டமாக ஒரு சோப்பு இருந்தால்? அதுவும் கையாலேயே செய்ததாக இருந்தால்? கடையில் வாங்கினால்தானே திருப்பிக் கொடுக்க முடியும்!

சோப்பு செய்யும் வித்தையைத் தெருமுனை மருந்துக்கடைக்காரம்மா சொல்லிக்கொடுத்தாள். எண்ணெய் இவ்வளவு, காஸ்டிக் சோடா இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும். "ஊத்தி ஒரு நாள்ல எடுத்து வெட்டிடணும். அப்புறம் ஒரு மாசம் காத்தாட வைக்கணும். அவசரப்பட்டா தோலு எரியும்" என்றாள். கணக்குப் பார்த்தால் நாத்தனார் கிளம்புவதற்கு ஒரு மாதமும் சொச்ச நாளும்தான் இருந்தது. முதல் தடவை சொதப்பினால் இரண்டாவது தடவைக்கு நேரம் கிடையாது.

சதுர அச்சுக்கு எந்தப் பெட்டியும் போதும். வட்டத்துக்குத்தான் வீட்டைப் புரட்டிப் போட வேண்டியிருந்தது. பால் பவுடர் டப்பா தகரம், துருப்பிடிக்கும். எவர்சில்வர் டம்ளர் தாங்கும், ஆனால் ஒரு டம்ளருக்கு ஒரு சோப்புதான் தேறும், மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவு. தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பார்த்தாள், உடம்பெல்லாம் வரிவரியாக இருந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் நீள அட்டைக் குழல் கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினால், மருந்துக்கடைக்காரம்மா உள்ளே விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "உள்ள மினுமினுன்னு இருக்கே, அலுமினியம். காஸ்டிக் அதைத் தின்னுடும்."

கடைசியில் மாடிப்படிக்கு அடியில் கிடைத்தது. கணவன் வேலை செய்த காலத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, முழங்கை நீளம். கையை விட்டுப் பார்த்தாள். நாத்தனாரின் மூடிய கை சரியாக உள்ளே போகும் அளவு.

குழாயின் உள்சுவரில் சோப்பு நேராகப் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளே தாள் விரிக்க வேண்டும். இங்கேதான் தையல்காரிக்குக் கொண்டாட்டம். ஊருக்கெல்லாம் ஜாக்கெட்டுக்கு லைனிங் வைத்தவளுக்குக் குழாய்க்கு வைக்கத் தெரியாதா? கேக் செய்கிறவர்கள் தட்டில் விரிக்கும் வழுவழுப்பான பட்டர் பேப்பரை வாங்கிவந்து, உள்சுற்றளவை டேப்பால் அளந்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வெட்டினாள். முதல் தாள் அளவு கச்சிதமாக இருந்ததால் விளிம்பு வாயைப் பிளந்துகொண்டது. தையலுக்கு விடுவது மாதிரி இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டு மறுபடி வெட்டினாள். தாளில் சுருக்கம் இருந்தால் சோப்பிலும் சுருக்கம் விழும் என்று, இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கித் தாளைத் தேய்த்தே விட்டாள். குழாயின் உள்ளே துளி எண்ணெய் தடவி, தாளைச் சுருட்டி இறக்கியதும் அது தானாக விரிந்து சுவரோடு படிந்துகொண்டது. ஜாக்கெட் லைனிங் ஒருநாளும் இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்லை.

அடிப்பக்கத்தை மூட வேண்டியது பாக்கி. பிளாஸ்டிக் தாள் வைத்து ரப்பர் பேண்டு போடலாம் என்று மருந்துக்கடைக்காரம்மா சொல்லியிருந்தாள். நாத்தனார் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த கணவனிடம் குழாயைக் கொடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. எண்ணெய் சூட்டைப் பாத்துட்டு வந்துடறேன். அடியில ஒழுகவே கூடாது, ஞாபகம் வெச்சுக்குங்க."

அவன் தலையை ஆட்டினான். இப்போதெல்லாம் அவன் பதில் அவ்வளவுதான். எலும்பு கூடிவிட்டது, இனி கை வேலை செய்யச் செய்யத்தான் பலம் வரும் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிய கருவிப் பையை அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அக்காவும் மனைவியும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

அவள் திரும்பி வந்தபோது குழாயின் அடியில் ஒரு மூடி உட்கார்ந்திருந்தது. "அட, மூடியே கிடைச்சுதா" என்று சந்தோஷப்பட்டு, வட்டமாக வெட்டிய தாளை அடியில் போட்டு, கெட்டியாகக் கலக்கிய சோப்புக் கலவையை ஊற்றினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பழைய போர்வையில் சுற்றித் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

மறுநாள் நாத்தனார் காய்கறி வாங்கக் கிளம்பியதும் குழாயை எடுத்தாள். சோப்பு நன்றாக இறுகியிருந்தது. மூடியைத் திருகினாள். அசையவில்லை. கதவிடுக்கில் கொடுத்து இழுத்தாள். அதற்கும் அசையவில்லை.

"என்னங்க, இந்த மூடியை எப்படிப் போட்டீங்க?"

"ஒட்டினேன்."

"ஒட்டினீங்களா!"

"ஒழுகக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

மாடிப்படிக்கு அடியில் கிடந்த மூடியையும் குழாய் ஒட்டும் பசை டப்பாவையும் தேடி எடுத்து, இடது கையால் தடவி, பிளம்பர் ஒட்டுகிற மாதிரியே ஒட்டியிருந்தான். அடுத்த தலைமுறை வரை ஒழுகாது. வேறு எந்த வீட்டுப் புருஷனும் செய்ய முடியாத தப்பு. மேல்பக்கமாகத் தாளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அடியில் காற்றுப் புக வழியில்லாததால் சோப்பு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது, தாள்தான் கிழிந்தது. குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று ஆனதே தவிர நகரவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணி எதையும் வாங்கிக்க மாட்டேங்கறாங்க. இதையாவது கொடுக்கலாம்னு பாத்தேன். இதுவும் போச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உங்க கூட வேலை செஞ்சவரை வரச் சொல்றேன். மூடிக்குப் பக்கத்துல அறுத்துக் கொடுத்துட்டுப் போகட்டும்."

அவன் நிமிர்ந்தான். இத்தனை மாதத்தில் அவள் பார்க்காத ஒரு முகம்.

"நான் போட்ட ஜாயின்ட்டை இன்னொருத்தன் வந்து அறுக்கறதா?"

எழுந்தான். கதவைத் தள்ளினான். ஆணியிலிருந்து பையை இறக்கி, ரம்பத்தை எடுத்தான். தையல்காரிக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. ஏதாவது சொன்னால் திரும்ப மாட்டிவிடுவானோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

குளியலறை வாசற்படியில் குழாயைக் கிடத்தி அவள் பிடித்துக்கொள்ள, அவன் வலது கையால் ரம்பத்தைப் பிடித்தான். விரல்கள் முழுசாக மடங்கவில்லை. முதல் இழுப்பில் ரம்பம் வழுக்கியது. இரண்டாவதில் கோணலாகப் போனது. அவன் நெற்றியில் வேர்த்தது. குழாய் உருண்டு அவள் பிடியை விட்டு ஓடப்பார்த்தது.

"ஹோல்டான்!"

வாசலில் நாத்தனார். பர்ஸை மறந்து பாதியில் திரும்பியிருந்தார். பையைக் கீழே போட்டுவிட்டு வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, வலிக்கிற கட்டைவிரலோடு குழாயின் மறுமுனையை இறுக்கிப் பிடித்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. தம்பியின் கையை மட்டும் பார்த்தார். பிறகு, அந்தக் குரலா இது என்று கேட்கும்படி மெல்லச் சொன்னார்:

"போலாம் ரைட்."

அவன் அறுத்தான். குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்தார்கள், அவன் சுற்றிச் சுற்றி அறுத்தான். நடுவில் நின்று கையை உதறிக்கொண்டான், மறுபடி அறுத்தான். மூடி கழன்று விழுந்தது. பின்னாலிருந்து பாட்டிலால் தள்ளியதும், தாள் சுற்றிய சோப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடியில் மட்டும் ரம்பம் ஆழமாகப் பாய்ந்து ஒரு கோணல் கீறல்.

நாத்தனார் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன புழுதி" என்றார். அங்கே புழுதியே இல்லை.

"யாருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று பிறகு கேட்டார்.

"உங்களுக்குத்தான் அண்ணி. மூலையில்லாத சோப்பு. கையை விட்டு ஓடாது."

"எனக்கெது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தையல்காரி கையுறை போட்டுக்கொண்டு, தாளை உரித்து, கெட்டி நூலைச் சோப்பைச் சுற்றி இழுத்து வட்டம் வட்டமாக வெட்டினாள். அந்த மாதம் முழுவதும் அலமாரியில் வரிசையாக இருந்த வட்டங்களை நாத்தனார்தான் தினமும் திருப்பித் திருப்பி வைத்தார். ஊருக்குக் கிளம்பும் அன்று தையல்காரி ஒரு நல்ல துணிப்பையில் சோப்புகளைக் கட்டப் போனபோது, கீறல் விழுந்த துண்டை மட்டும் காணவில்லை. அது ஏற்கெனவே நாத்தனாரின் பைக்குள், துணிகளுக்கு நடுவில் இருந்தது. யாரும் கொடுக்காமலே அவராக எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். தையல்காரி பார்த்தும் பார்க்காத மாதிரி மற்றவற்றையும் அதன்மேல் அடுக்கினாள். நாத்தனார் தடுக்கவில்லை.

பேத்தி பிறந்தாள். பேத்தி குப்புற விழுந்த சேதியைச் சொல்ல ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில், தையல்காரி மிஷினில் உட்கார்ந்திருந்தபோது மறுபடியும் போன் அடித்தது.

"ஏம்மா, அந்தச் சோப்பு தீந்துபோச்சு" என்றார் நாத்தனார். தன் வாயால் ஒன்றைக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. "கையில நல்லா நின்னுச்சு. எனக்கு இன்னும் வேணும். தம்பிகிட்டச் சொல்லி இன்னொரு குழாய் அறுக்கச் சொல்றியா?"

தையல்காரி கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஆணி மட்டும்தான் இருந்தது.

"சொல்றேன் அண்ணி" என்றாள். "சாயங்காலம் வேலையிலேருந்து வரட்டும்."