பம்பு நிறுத்தியவரின் கல்யாணம்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் பொறாமை. என் அண்ணன் வெர்லின் அறுபத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டதை ஊரில் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். சாட்சியாக நின்ற என்னை யாரும் கேட்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அயோவாவின் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே நீலக் கண்போல ஓர் ஏரி..."

(அடித்துவிட்டேன். கண்போலெல்லாம் இல்லை. நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிய சுண்ணாம்புக்கல்.)

இரண்டாவது தொடக்கம்: அந்த ஏரி முன்பு கல்குவாரி; வெர்லின் அதில் பம்பு ஓட்டியவர். ஊற்றுநீரை இருபத்தாறு வருஷம் வெளியே இறைத்தார். குவாரியை மூடிய அன்று பம்பை நிறுத்தியதும் அவர்தான். தண்ணீர் ஏறியது. கவுண்டி நிர்வாகம் அந்த இடத்தை வாங்கி, மணல் கொட்டி, மீன் விட்டு, பூங்காவாக்கியது. அண்ணன் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை.

இது இருக்கட்டும்.

2

மணப்பெண் கொரீனை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே உண்டாக்கிய ஆள் என்பீர்கள். ஓய்வுபெற்ற தபால்காரி, கோடையில் தினமும் அந்த ஏரியில் நீந்துகிறவள். ஏரிக்குள் நாற்பது கெஜம் தள்ளி இருக்கும் மிதவை மேடையில்தான் கல்யாணம் என்று பிடிவாதமாக நின்றாள். நீச்சல் தெரியாத அண்ணன், படகில் வருகிறேனே என்று கெஞ்சிப் பார்த்தார். தண்ணீரில் இறங்கி வந்தால் கல்யாணம், இல்லையென்றால் ஆளுக்கொரு வீடு என்றுவிட்டாள்.

சொன்னால் செய்கிறவள்.

3

ஜூலை, சனிக்கிழமை. பூங்காவில் இரவலுக்கு மாட்டிவைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டுகளில் ரோஜா நிறத்தது ஒன்றுதான் மிச்சம். அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் நான். மேடையில் நீச்சலுடையோடு பாதிரியார், பைபிளைப் பிளாஸ்டிக் பையில் பிடித்தபடி.

(அண்ணன் மனதில் அப்போது ஓடியதை ஒரு பக்கம் எழுதினேன். எனக்கெப்படித் தெரியும்? கிழித்துவிட்டேன்.) வாயால் சொன்னது இது:

"அடியில என் இருபத்தாறு வருஷம் கெடக்கு, கொரீன். அது மேல எப்படி நீந்துவேன்?"

கொரீன் மேடையிலிருந்து நீந்திக் கிட்டே வந்தாள். "நீ நீந்தவே வேணாம். சும்மா மித. தண்ணி தாங்கும்."

"இந்தத் தண்ணியோட நான் எவ்ளோ மல்லுக்கட்டியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். அதுக்கு உன்மேல கோவமில்லயாம். தெனமும் விசாரிச்சுட்டுத்தான் வர்றேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி ஓரடி முன்னால் வைத்தார். அங்கே தரை இல்லை. அலறப்போனவர், தான் மிதப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். கொரீன் அவர் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். அவர் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, என்னவொரு குளிர்ச்சி, என்னவொரு குளிர்ச்சி என்று சொல்லிக்கொண்டே போனார். பின்னாலேயே நானும் நீந்திப்போய் மேடையில் ஏறினேன்.

4

"சம்மதம்" என்றபோது அண்ணன் இருமிவிட்டார் என்று முடிக்கலாம். உண்மைதான், ஆனால் சப்பென்று இருக்கிறது. கரையில் எல்லாரும் அழுதார்கள் என்று முடிக்கலாம். அது பொய், எல்லாரும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது வேறு. பூங்காக் காவலர் மாப்பிள்ளையைக் கரைக்கு ஏற்றிப்போகப் படகோடு வந்தார். கொரீன் அதற்கு முன்பே தண்ணீரில் குதித்துக் காத்திருந்தாள். அண்ணன் படகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீ போ தம்பி," என்றார் காவலரிடம்.

படகு போய்விட்டது. அவர் மேடை விளிம்பில் நிற்கிறார், கால்விரல்கள் வெளியே. நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நின்ற பாதிரியாரும் நானும் தெறித்த தண்ணீரில் தலையோடு காலாக நனைந்தோம் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.