பொன்னாடைக்கு ஒரு வேலை

"அம்மிணியோட முகத்தப் பாத்து எங்க ஊடே அழுதிருக்குதுங்க" என்று பாலகோபால் மேடையில் சொன்னபோது ராமாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். இருபது வருஷம் வானொலியில் நடித்தவர் அவர். முகத்தை யார் பார்த்தது?

தொண்ணூற்று நாலாம் வருஷம், அவிநாசி சாலையில் ஒரு கல்யாண மண்டபம். பம்பு கம்பெனி முதலாளியான பாலகோபால் வானொலி நாடகப் பொற்காலத்துக்கு விழா எடுத்திருந்தார். ராமாமணி அந்தக் காலத்தில் நடித்த ஒரு நாடகத்தை மேடையிலேயே பேசிப் பதிவு செய்து கேசட்டாக வெளியிடப் போகிறார்கள். கதாநாயகி வேஷம் முதலாளியின் மருமகள் நவ்யாவுக்கு. ராமாமணிக்கு ஒரு பொன்னாடை, அவ்வளவுதான்.

ராமாமணி நடித்த நாளில் டேப் கிடைப்பது அரிது. நாடகம் ஒலிபரப்பானதும் அதை அழித்து, அதே டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்வார்கள். ராமாமணி பேசியதெல்லாம் அப்படித்தான் போனது. இந்தக் கேசட்டிலும் இல்லையென்றால் அவர் குரல் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஒரு வரியாவது கிடைக்காதா என்றுதான் இந்தக் கும்பலைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நம் காது வேண்டிய சத்தத்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். மைக்குக்கு அந்த விவேகம் கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றுபோல விழுங்கும். அதனால் வானொலி நடிகை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் சேலையில், வெறுங்கையோடு வருவாள். வசனத் தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்கமாட்டாள். பேசி முடித்த தாளைப் புரட்டாமல், காலடியில் விரித்த துணிமேல் நழுவவிடுவாள்.

நவ்யாவுக்கு மொடமொடவென்று புதுப்பட்டு, கை நிறைய வளையல். வசனம் வழவழத்தாளில் அச்சாகி, பின் அடித்து, அட்டையில் பாலகோபாலின் படத்தோடு இருந்தது. பின்னை எடுத்துவிடச் சொல்லிக் காலையிலேயே கேட்டுப் பார்த்தார் ராமாமணி.

"அழகா இருக்குதுல்லீங்க. இருந்துட்டுப் போகுது" என்றுவிட்டார் முதலாளி.

கடைசிக் காட்சிதான் கதாநாயகியின் காட்சி. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கணவனிடம் ரகசியமாகப் பேசுகிறாள். நவ்யா பேசி முடித்ததும் மண்டபம் கை தட்டியது. ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த கரீம் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

"மொதலாளி, அம்மிணி நல்லாத்தான் பேசறாங்க. ஆனா கூடவே ஊடு பத்தி எரியுதுங்க."

"எங்கீங்க எரியுது?"

"சேலைல கொஞ்சம், வளையல்ல கொஞ்சம். உங்க போட்டோ இருக்கற புஸ்தகத்துலதான் ஜாஸ்திங்க."

டேப்பைப் போட்டுக் காட்டினார். ரகசியத்தின் மேல் சடசடவென்று நெருப்பு. அழுதிருந்த பொற்கால ரசிகர்கள் யாருக்கும் அதுவரை அது கேட்டிருக்கவில்லை.

நவ்யா வளையலை இழுத்துப் பார்த்தாள். "கழட்ட வரலீங்க மாமா. அவங்களே பேசட்டும்ங்க."

பாலகோபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஏனுங்கம்மிணி, நீங்களே பேசிருங்க. பொன்னாடையோடவே நில்லுங்க. பாக்க நல்லா இருக்கும்."

"கேக்க நல்லா இருக்காதுங்க."

ராமாமணி தோளை அசைத்தார். ஜரிகை சரசரத்தது. பொன்னாடையை எடுத்தார். "கரீம், கீழ போடத் துணி இருக்குதா?"

"இல்லீங்கக்கா."

பொன்னாடையையே நாலாக மடித்துக் காலடியில் போட்டார். முன்வரிசை முணுமுணுத்தது.

"அது மரியாதைக்குப் போட்டதுங்க" என்றார் பாலகோபால்.

"தெரியுதுங்க. இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆகுது."

நவ்யாவின் புத்தகத்தை வாங்கி, நகத்தால் பின்னை நெம்பி எடுத்தார். மைக்குக்கு நாலு விரல் தள்ளி, மூச்சு அதில் மோதாதபடி முகத்தைச் சற்றே திருப்பி நின்றார். முதலில் அட்டை நழுவிப் பொன்னாடைமேல் விழுந்தது. படத்திலிருந்த பாலகோபால் அண்ணாந்து பார்த்தார். சத்தமே இல்லை. தொடங்கலாம் என்று கரீம் விரலை அசைத்தார்.

ராமாமணி பேசினார். தாள்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசி வரியைச் சொல்லிவிட்டு அசையாமல் நின்றார். வரி முடிந்த பிறகு வரும் மௌனமும் நாடகத்தில் சேர்த்திதான்.

பாலகோபால் கை தட்ட எழுந்தார். கரீம் திரும்பிப் பாராமலே உள்ளங்கையைக் காட்டினார். டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி அப்படியே, கைகளை விரித்தபடி, நின்றார்.