எட்டாம் பக்கத்து அடிக்குறிப்பு

கட்டிலின் தலைமாட்டைத் தூக்கும் கைப்பிடியை மகள் நான்கு சுற்று சுற்றியும் அப்பாவுக்குத் திருப்தியில்லை.

"இன்னும்," என்றார். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"டாக்டர் படுக்கச் சொல்லியிருக்காருப்பா."

"படுத்துக்கிட்டுப் பேசினா... அவங்களுக்கு என் மூக்கு ஓட்டைதான் தெரியும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு சுற்று சுற்றினாள். முதுகுக்கு ஒரு தலையணை வைத்தாள். லேப்டாப்பைக் கட்டிலின் குறுக்குப் பலகையில் வைத்து, அவர் முகம் திரைக்கு நடுவில் வருகிறதா என்று குனிந்து பார்த்தாள். சவரம் செய்து விடச் சொல்லி காலையிலேயே அடம் பிடித்துச் சாதித்திருந்தார். தாடையில் ஒரு சின்னக் கீறல் சிவந்திருந்தது.

முப்பத்தொரு வருஷமாக அவர் நிலத்தடி நீர் ஆய்விதழின் ஆசிரியர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழ். நானூறு பேர் வாங்குவார்கள். நாற்பது பேர் படிப்பார்கள். அந்த நாற்பது பேரும் அவருக்குப் பயந்தவர்கள். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷமாகியும் இதழை நடத்தும் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் 'எடிட்டர்'தான்.

அவருக்குப் பிறகு யார் என்று சங்கம் நான்கு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. பதினோரு விண்ணப்பம் வந்தது. பதினொன்றும் சிவப்பு மையில் திரும்பிப் போனது. ஒருவருக்கு மேற்கோள் காட்டத் தெரியவில்லை, இன்னொருவருக்கு அவசரம் அதிகம், மூன்றாமவர் விண்ணப்பத்திலேயே தன் பிறந்த வருஷத்தைத் தப்பாக எழுதியிருந்தார். பதவியிலிருப்பவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரை இல்லாமல் அடுத்தவரை நியமிக்க முடியாது என்று சங்க விதியில் இருந்தது. அந்த விதியை எழுதியவரும் அப்பாதான்.

இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து சங்கச் செயலாளர் தினமும் மூன்று வேளை போன் செய்தார். முதலில் உடம்பை விசாரிப்பார். அடுத்த மூச்சில், "அந்த விஷயம்..." என்பார்.

கடைசியாக அவர் தேர்ந்தெடுத்த மூன்று பேரைத் திரையில் பார்த்துப் பேச அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். காலையில் இரண்டு பேர் முடிந்திருந்தார்கள். முதலாமவர் பெரிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் இயக்குநர். பின்னால் கண்ணாடி அலமாரி நிறையக் கேடயங்கள்.

"இந்த இதழை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போகணுங்கறதுதான் சார் என் எண்ணம்."

"எந்தக் கட்டம்?" என்றார் அப்பா.

இயக்குநர் சிரித்தார். அப்பா பதிலுக்குக் காத்திருந்தார். மறுபடியும் சிரிப்புதான் வந்தது. லேப்டாப்பை மூடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, "வேணாம்," என்றார்.

இரண்டாமவர் இளைஞர், மூன்று பட்டங்கள். வருகிற கட்டுரைகளை மென்பொருளே வடிகட்டிக் கொடுத்துவிடும், நாம் மிச்சத்தைப் பார்த்தால் போதும் என்றார். "மிச்சத்தையும் அதுவே பாக்கட்டும்," என்றார் அப்பா. அவரும் வேண்டாம்.

"யாரைத்தாம்பா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று மகள் கேட்டாள். அவள் மருந்துக் கடைக்கு விடுப்புச் சொல்லி ஒன்பது நாளாகியிருந்தது. ஒன்பது நாளில் அப்பா அவளிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கண்ணாடி எங்கே, பென்சில் எங்கே, தபால் வந்ததா.

இப்போது மூன்றாமவர். எங்கோ ஒரு சின்னக் கல்லூரியின் ஆசிரியை. நாற்பது வயதிருக்கும். பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், யாரோ பெஞ்சு இழுக்கும் சத்தம்.

"வணக்கம் சார். நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டுக்கலாமா?"

அப்பாவின் புருவம் உயர்ந்தது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கட்டுரை அனுப்பினேன். இருநூத்திப் பன்னெண்டு கிணறு, ரெண்டு வருஷம் உப்பு அளந்தது. நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க."

"ஞாபகமிருக்கு. நடுவுல... மூணு மாசம் அளவே இல்ல. காரணமும் சொல்லல."

"சொல்லியிருந்தேன் சார். வெள்ளம். ஊருக்குள்ள போக வழியில்ல. எட்டாம் பக்கம், அடிக்குறிப்பு."

"இல்ல."

"இருக்கு சார்."

"நான் படிச்சேன். இல்ல."

"நான் எழுதினேன். இருக்கு."

அப்பா மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். அவர் கன்னத்தில் ஒன்பது நாளாகக் காணாத ரத்தம் ஏறியது. "அந்த ஃபைலைக் கொண்டு வா," என்று மகளைப் பார்த்தார். "மூணாவது தட்டு. இன்னிக்கே பாத்துடலாம், யாரு..." இருமல் பிடித்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்தது. திரையில் அந்த அம்மாள், "சார், சார்," என்றாள்.

மகள் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். மாஸ்க்கை எடுத்து மாட்டிவிட்டாள்.

"ஃபைல்," என்றார் அவர்.

"எதையும் கொண்டு வர மாட்டேன். போதும்ப்பா. உயிரை வாங்காதீங்க. பேசாம தூங்குங்க."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பாட்டுக்கு எழுப்பினபோதும் திரும்பவில்லை.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. செயலாளர். "இப்ப எப்படி இருக்காரு? சரி சரி. ஆமா, மூணு பேரையும் பாத்தாச்சுல்ல? யாருன்னு சொன்னாரா?"

அவள் கூடத்தில் நின்றபடி, அவர் களைத்துத் தூங்குகிறார், எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒன்றையே இரண்டு விதமாக விளக்கிக்கொண்டிருந்தாள். "எழுத்துல வேணும்மா, வாய்மொழியாச் சொன்னா கமிட்டி ஏத்துக்காது," என்று செயலாளர் ஆரம்பித்தபோது, உள்ளே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கூப்பிட்டாள். கத்தவில்லை. மெதுவாக, பெயர் சொல்லாமல், "இங்க வாடி," என்றாள்.

அவள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. போன் கையிலேயே இருந்தது. "ஹலோ... ஹலோ..." என்று அது பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள். வாசலில் வாடகை நாற்காலிகள். பேராசிரியர்கள் அப்பாவின் காலடியில் கண்ணை மூடி நின்றுவிட்டு, நேராக அவளிடம் வந்து, "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்கள். முதலில் கேட்டவரிடம், அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாமவர் கேட்கும்போதுதான், எதைக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. ஒருவர் இன்னும் வெளிப்படையாக, தன் கட்டுரை ஏழு மாதமாக அவரிடம் இருப்பதாகவும், மேசையைச் சுத்தம் செய்யும்போது கண்ணில் பட்டால் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். இயக்குநர் வண்டிச் சக்கரம் அளவுக்கு மலர்வளையம் கொண்டு வந்து, செயலாளரின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடித்துத் திரும்பியாகிவிட்டது. கூட்டம் கரைந்து, செயலாளரும் நாலைந்து பேரும் மட்டும் இருந்த நேரத்தில், தோள்பையோடு ஒரு பெண் வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நின்றாள். உள்ளே வராமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் பார்த்த முகம்.

மகளுக்கு மண்டைக்குள் ஏதோ ஏறியது. விறுவிறுவென்று போய் அவள் முன்னால் நின்றாள். "நீங்களும் கேட்டுடுங்க. கடைசியா என்ன சொன்னாருன்னு."

அந்தப் பெண் எழுந்தாள். "இல்லக்கா. ரெண்டு பஸ் மாறி வந்தேன், நேரத்துக்கு வர முடியல. நேத்து நான் அப்படி வாக்குவாதம் பண்ணியிருக்கக் கூடாது. அவரு ஏதோ சொல்ல வந்தாரு, லைன் கட்டாயிடுச்சு. அதான் மனசு..."

"லைன் கட்டாகல. நான்தான் மூடினேன்."

வாடகைக் கடைக்காரர் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க," என்றாள் மகள்.

மூன்றாவது தட்டில், திருப்பி அனுப்பிய கட்டுரைகளின் பிரதிகள் வருஷவாரியாகக் கட்டியிருந்தன. நாலாவது கட்டுக்குள் கிணற்றுக் கட்டுரை கிடைத்தது. பக்கமெல்லாம் அப்பாவின் பென்சில். ஏழாம் பக்கத்து ஓரத்தில் ஒரு முழுப் பத்தியே எழுதியிருந்தார். எட்டாம் பக்கத்தில் மேலே இரண்டு திருத்தம். அடியில், மருந்து அட்டைக்குப் பின்னால் அச்சடிக்கிற அளவு பொடி எழுத்தில், மூன்று வரி. வெள்ளம். அறுந்த சாலை. மூன்று மாதம். அதைச் சுற்றிப் பென்சிலே படவில்லை.

மகள் இரண்டு தடவை படித்தாள். "இருக்கு," என்றாள்.

இத்தனை வருஷத்தில் அப்பா தவறியதாக அவள் நேரில் பார்த்தது இது ஒன்றுதான். சிறுவயதிலிருந்து இப்படி ஒன்று கையில் சிக்காதா என்று எவ்வளவோ காத்திருந்திருக்கிறாள். சிக்கியபோது, முகத்துக்கு நேரே நீட்டிக் காட்ட ஆளில்லை.

"ரொம்பப் பொடி எழுத்து," என்றாள் அந்தப் பெண். "இப்ப எனக்கே கண்ணுக்குச் சரியாத் தெரியல. என் தப்புதான், கட்டுரைக்குள்ளயே எழுதியிருக்கணும்."

கதவோரம் நின்றிருந்த அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "நேத்து இதக் காட்டியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாருன்னு நெனைக்கறீங்களா? அடிக்குறிப்பை எந்த அளவுல போடணும்னு ரெண்டு பக்கத்துக்கு லெட்டர் எழுதியிருப்பாரு." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுக்க மட்டும் நேரமாயிற்று.

கூடத்தில் செயலாளர் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். "ஏம்மா, நாளன்னிக்குக் கமிட்டி கூடுது. ஒரு வார்த்தை போதும், எழுத்துல இல்லாட்டி பரவாயில்ல. நீங்க சொன்னா அவரு சொன்ன மாதிரிதான். யாரு?"

அவள் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதுதான் அப்பாவின் கடைசி வாக்காக நிற்கும். அந்தப் பெண் அறைக்குள்ளேயே நின்றுவிட்டாள்.

"யாரையும் சொல்லல சார்."

"ஐயையோ."

"நடந்ததச் சொல்றேன். முதல் ஆளுக்கு 'வேணாம்'னாரு. ரெண்டாவது ஆளுக்கும் அதேதான். மூணாவது ஆள்கிட்ட, தன் மாஸ்க்கைக் கழட்டி எறிஞ்சுட்டுச் சண்டை போட்டாரு. அவங்க சொன்னதுதான் சரி, இப்ப பாத்துட்டு வர்றேன். அவரு பாக்கல. நான் பாக்க விடல."

"அப்படின்னா அது ஆமாவா, இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க சங்கம், உங்க விதி. எழுதிக்குங்க, இப்படித்தான் நடந்ததுன்னு."

செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "போகும்போதும் முடிவு சொல்லாமப் போயிட்டாரே மனுஷன்," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். அறுபத்து நாலு கட்டுரை பாக்கி இருக்கிறது, ஒவ்வொன்றையும் ஆசிரியரே முழுக்கப் படிக்க வேண்டும் என்று கமிட்டியில் சொன்னதும் இயக்குநர் விலகிக்கொண்டாராம். இளைஞருக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதாம். விதியைத் திருத்தி, அந்தக் கல்லூரி ஆசிரியையைப் போட்டிருக்கிறார்கள்.

"கிணத்துக் கட்டுரைய அடுத்த இதழ்லயே போட்டுடலாம்மான்னேன். நம்ம பக்கம் தப்புன்னு நீங்களே சொன்னீங்கள்ல. முடியாதுன்னுட்டாங்க. ஆசிரியரா இருக்கற இதழ்ல தன்னோட கட்டுரை வரக் கூடாதாம். இனிமே இங்க அது எப்பவுமே வராது. இன்னொரு பிடிவாதம் வந்து சேர்ந்திருக்கும்மா நமக்கு."

"சரி சார்," என்றாள் மகள். கடையில் கூட்டம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் டாக்டர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். போனை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"இந்த ரெண்டாவது மாத்திரை எத்தனை நாளைக்குன்னு எழுதலையே."

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா, ஒரு பத்து குடுங்க. மத்த கடையில யாரும் இதெல்லாம் கேக்கறதில்ல."

"உக்காருங்க," என்றாள்.

"வண்டி வெளில நிக்குதும்மா!"

அவள் சீட்டின் தலைப்பிலிருந்த டாக்டர் நம்பரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வரிசையில் பின்னாலிருந்தவர்கள் முனகத் தொடங்கினார்கள். அவள் ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி, சீட்டைக் கவுன்டரில் வைத்து உள்ளங்கையால் நீவி நேராக்கினாள்.