படையல் இல்லாத தம்பி

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, படையலுக்கு அம்மா ஒரே ஓர் இலைதான் போட்டார். அது அப்பாவுக்கு. தம்பிக்குப் போடவில்லை.

மறந்துவிட்டாராக்கும் என்று இரண்டாவது இலையை நானே கழுவி எடுத்து வந்தேன். ரூபேந்திரனுக்கு என்ன படைப்போம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கணவாய் சம்பல், ஆட்டுக்கறி பெரட்டல், குளிரக் குளிர ஒரு டின் சர்சி. அடுப்பில் சம்பல் இல்லை. சுவரைப் பார்த்தேன். அப்பா படம் மாலையோடு இருந்தது. பக்கத்தில் வெறும் ஆணி.

"தம்பி படம் எங்கம்மா?"

"அலமாரியில வச்சிட்டேன். உசுரோட இருக்கறவனுக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா, பிரேமலா? படையல் வைப்பாங்களா?"

கையிலிருந்த இலையைத் தொட்டியில் வீசினேன். உலு திராமில் ஒரு தொழிற்சாலையில் நாற்பது பெண்களைக் கட்டி மேய்க்கும் சூப்பர்வைசர் நான். என் குரல் ஏறினால் என் கணவர் சத்தமில்லாமல் கேட்டைத் திறந்து வெளியே போய்விடுவார். அன்றும் போனார். அம்மா மட்டும் அசையவில்லை. அப்பாவின் இலையில் வடையை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

தம்பி இறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று யாருக்கும் விளங்காது.

ரூபேந்திரன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். இருபத்து நான்கு வயது. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது கைப்பேசியை ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டு அம்மாவோடு பேசிக்கொண்டே வருவான். ஜொகூரில் பாதிப் பையன்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை, ஆறு மணி இருக்கும், இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டு வந்தவன், "ம்மா, போலீஸ் நிப்பாட்டுறாங்க, போன வைக்காதீங்க" என்றான். அம்மா வைக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் கேட்டார். அவன் கையைத் தூக்கிவிட்டதாகச் சொன்னதையும், அதன் பின் மூன்று துப்பாக்கிச் சத்தங்களையும்.

வழிப்பறிக்காரன், பாராங் கத்தியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான், தற்காப்புக்குச் சுட்டோம் என்று போலீஸ் அறிக்கை வந்தது. பத்திரிகையில் கத்தியின் படமும் வந்தது. தேங்காயைக்கூடக் கடையில் திருகி வாங்குகிற வீடு எங்களுடையது, பாராங் இருந்ததே இல்லை. மரண விசாரணை வேண்டும் என்று ஏழு வருடம் மனுக் கொடுத்தோம். அந்த அலைச்சலிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். ஒருவழியாகத் தேதி கிடைத்தது, தீபாவளி கழித்து மூன்றாவது வாரம். அந்தச் சாலையில் கேமரா இல்லை, பார்த்த ஆளும் இல்லை. அவன் கையைத் தூக்கினான் என்று சொல்ல உலகத்தில் இருக்கும் ஒரே ஆள் அம்மா. அவர் போகாவிட்டால் என் தம்பி காலத்துக்கும் கொள்ளைக்காரன்தான்.

"செத்தவனுக்குத்தான் விசாரணை. என் பிள்ளைதான் வந்துட்டானே" என்றார் அம்மா. "நான் கோர்ட்டுக்கு வரல."

எல்லாம் அந்தப் புத்தகம் செய்த வேலை.

ரெங்கத்தில் இருக்கும் கனகராஜ் என்பவர் எழுதியது. சிங்கப்பூரில் முப்பது வருடம் செக்யூரிட்டி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் எங்கள் வீட்டுக்கு நான்கைந்து முறை வந்து, அம்மா சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு போனார். யாராவது தம்பியைப் பற்றிக் கேட்கிறார்களே என்று நானும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். புத்தகம் வந்தபோதுதான் வயிறு எரிந்தது. 'மூன்று குண்டுகள், மூன்று மச்சங்கள்.' முதல் பாதியில் தம்பி சுடப்பட்ட கதை. இரண்டாம் பாதியில், தென் ஜொகூரில் எங்கோ ஓர் ஊரில் பிறந்த ஐந்து வயதுப் பையன். தம்பிக்குக் குண்டு பாய்ந்த அதே மூன்று இடங்களில் அவனுக்கு மச்சம். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறான். 'நான் பைக்கில் வரும்போது சுட்டுட்டாங்க' என்று மூன்று வயதில் சொன்னானாம்.

கோவில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தி வெளியிட்டார்கள். நான் போகவில்லை, அம்மா போனார். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் ஒரே சண்டை. மூடநம்பிக்கை என்று ஒரு கூட்டம், மறுபிறப்பைக் கேலி செய்யாதே என்று இன்னொரு கூட்டம், அரசாங்கத்தைத் தூற்றுகிற புத்தகம் என்று மூன்றாவது கூட்டம். கனகராஜை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து வாக்குமூலம் எடுத்தார்கள். இரண்டு கடைக்காரர்கள் புத்தகத்தைத் தட்டிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா, ஆளுக்கு ஆள் தேடி வாங்கினார்கள்.

எங்கள் வழக்கறிஞர் தஸ்லிமாவிடம் ஓடினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், காரியக்காரி. கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அலமாக்! அக்கா, போலீஸ் தரப்பு லாயர் கையிலயும் அந்தப் புத்தகம் இருக்கு. ஆன்ட்டிய நாம கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வரலாம். ஆனா அங்க நின்னு, என் மகன் சாகவே இல்லன்னு சொன்னாங்கன்னா அதோட முடிஞ்சது. அவங்க போன்ல கேட்டதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"நான் என்ன செய்யட்டும்?"

"வீட்டுல பேசிப் பாருங்க லா."

வீட்டில் பேசி என் தொண்டை போனதுதான் மிச்சம். அடுத்த சனிக்கிழமை ரெங்கத்துக்குக் காரை விட்டேன்.

கனகராஜ் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் ஏற்றிவிட்டது.

"அங்கிள், உங்க புத்தகத்தால எங்கம்மா கோர்ட்டுக்கு வரமாட்டேங்கறாங்க. தம்பி திரும்பி வந்துட்டானாம். இப்ப சந்தோஷமா உங்களுக்கு?"

அவர் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. "அய்யோ தங்கச்சி" என்றார். "நான் எழுதுனதே அந்த விசாரணை நடக்கணும்னுதானே."

"எதுக்கு அப்ப அந்த ரெண்டாம் பாதி?"

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மேசை முழுக்கக் கோப்புகள். அவர் முதலில் எழுதியது வெறும் சுட்ட கதைதான். தம்பி மட்டுமில்லை, அவனைப் போல இன்னும் பதினோரு பேர், தேதியோடு, ஆதாரத்தோடு. எல்லாருக்கும் அனுப்பினார், எவரும் அச்சடிக்க முன்வரவில்லை. நண்பர்களே பாதியில் மூடி வைத்தார்கள். "செத்தவன் கதைய யாரும் கேக்கல, தங்கச்சி. திரும்பி வந்தவன் கதைன்னதும் பாருங்க, எல்லாரும் படிச்சாங்க. படிக்கறப்போ முதல் பாதியையும் படிக்க வேண்டியதாப் போச்சு."

அந்த முதல் பாதி நல்ல எழுத்து. ஒத்துக்கொள்ள மனமில்லாமல் நானே இரண்டு தடவை படித்திருந்தேன். பிணவறையில் அம்மா தம்பியின் காலணியைத் தேடிய பக்கத்தில் நான் அழுதிருக்கிறேன்.

"பொய்ன்னு எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க."

"பொய் இல்லயே. நான் நம்பித்தான் எழுதுனேன். அந்தப் பிள்ளையப் பாத்தப்போ எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு." கோப்பு ஒன்றை மூடி வைத்துவிட்டு, "நான் நம்பறது தப்பா இருக்கலாம். அத வேணா வந்து சொல்றேன்" என்றார்.

அந்த மனிதரை அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு யோசனை வந்தது. பையனின் பெயரையும் ஊரையும் அவர் புத்தகத்தில் மறைத்திருந்தார். அம்மா கேட்டும் சொல்லவில்லை. அம்மா நேரில் பார்க்கட்டும். மூக்கொழுகுகிற, அடம்பிடிக்கிற, யாரோ பெற்ற ஒரு பிள்ளையைப் பார்த்தால் இந்த மயக்கம் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கொஞ்சம் கொடுமையான கணக்குதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கனகராஜ் தயங்கித் தயங்கிப் பையனின் அம்மாவுக்குப் போன் செய்தார். செடெனாக்கில் இருந்தார்கள். அவள் பெயர் ஷர்மினி. அரை மணி நேரம்தான், படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிச் சம்மதித்தாள்.

மறுநாள் மதியம் நானும் அம்மாவும் போனோம். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து கணவாய் சம்பல் செய்து டப்பாவில் எடுத்துக்கொண்டார். வழி நெடுக டப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை. படையலுக்கு இல்லாத சம்பல் இதற்கு மட்டும் வந்துவிட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஷர்மினிக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். எங்களை உட்காரச் சொன்னவள், கதவருகே பையனைத் தன் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பயம் எனக்கு உடனே புரிந்தது. "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. அந்த அங்கிள் வந்து கேட்டாங்கன்னு சொன்னேன், இவ்ளோ பெருசாகும்னு தெரியாது. இவன் என் பிள்ள" என்றாள்.

"உன் பிள்ளதான்மா. நான் பாக்கத்தான் வந்தேன்" என்றார் அம்மா.

பையன் பெயர் கவின். மேலுக்குச் சட்டை இல்லை, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பிடியிலிருந்து நழுவி வந்து அம்மாவின் முன்னால் நின்று, "பாட்டி, மத்தாப்பு கொண்டாந்தீங்களா? எனக்கு வெடி வேணாம், பயம்" என்றான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வெடிக்குப் பயப்படாத பிள்ளை எது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கழுத்தில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, விலாவில் ஒன்று. மச்சங்கள் இருக்கத்தான் செய்தன. அம்மா தொடவில்லை. "என்னைத் தெரியுதாய்யா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல" என்றான் கவின் பளிச்சென்று. சம்பலை ஒரு வாய் வாங்கி, காரம் என்று துப்பினான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அதே நேரம் அம்மாவின் முகத்தைப் பார்க்க அழுகையும் வந்தது.

அப்புறம் அவன் வெளியே ஓடி, முன்வாசலில் நின்ற அவன் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். பெரிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். மூக்கு வரை மறைந்துவிட்டது. வாயாலேயே ஓட்டினான். அம்மா எழுந்து வாசல்வரை போய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெருசானா பைக் கேப்பானோ?" என்று ஷர்மினியிடம் கேட்டார்.

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். "இப்பவே கேக்கறான் ஆன்ட்டி. அவங்கப்பா மாதிரி."

அரை மணி முடிந்தது. திரும்பும் வழியில் செம்பனைத் தோட்டங்கள் முடிகிற வரைக்கும் அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அவன்தான்" என்றார்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். "தெரியலன்னு சொன்னானேம்மா! உங்க சம்பலத் துப்பினானே!"

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அவன்தான். நீ கார எடு."

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். என் கெட்டிக்காரத்தனத்தால் இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போயிற்று. வீட்டுக்கு வந்து தஸ்லிமாவுக்குப் போன் போட்டு, இனி அம்மாவை எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டேன்.

விசாரணை நாள் காலையில் நான் மட்டும் போகக் கிளம்பினேன். கூடத்தில் அம்மா நீலப் புடவை கட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எதையும் கேட்கப் பயமாக இருந்தது. போகும் வழியில் தஸ்லிமாவுக்கு மட்டும் சொன்னேன். "வர்றாங்க. என்ன சொல்லப் போறாங்கன்னு எனக்குத் தெரியாது."

சாட்சிக் கூண்டில் அம்மா இன்னும் குள்ளமாகத் தெரிந்தார். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர், வாசுகி என்று ஒரு பெண்மணி. போன் அழைப்பைப் பற்றித் தஸ்லிமா கேட்க வாய் திறந்ததுமே போலீஸ் தரப்பு வழக்கறிஞர் எழுந்துவிட்டார். இந்தச் சாட்சியின் மனநிலையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். நீதிபதி அனுமதித்தார். வழக்கறிஞர் கையில் அந்தப் புத்தகம் இருந்தது, பக்கங்களுக்கிடையில் மஞ்சள் சீட்டுகளோடு.

அவர் மலாயில் கேட்கக் கேட்க வாசுகி தமிழில் சொன்னார்.

"உங்கள் மகன் மறுபடியும் பிறந்துவிட்டான் என்று நம்புகிறீர்களா?"

"ஆமா."

"நேரில் பார்த்தீர்களா?"

"போன மாசம் பாத்தேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் யாரோ அடக்கிச் சிரித்தார்கள். அடக்காமல் சிரித்திருந்தால் எழுந்து அறைந்திருப்பேன்.

"இப்போது எப்படி இருக்கிறான்?"

"நல்லா இருக்கான். ஒரு பல்லு விழுந்திருக்கு."

"மகன் நன்றாக இருக்கிறான் என்றால்," வழக்கறிஞர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார், "இங்கே எதற்காக வந்தீர்கள், அம்மா?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்தார்.

"அவனுக்கு இப்ப அஞ்சு வயசுங்க ஐயா. இன்னும் பத்தொம்பது வருசத்துல இருபத்து நாலு ஆயிரும். பைக் வாங்குவான். வேலை முடிஞ்சு இதே ரோட்டுல வருவான். உங்க ஆளுங்க நிப்பாட்டுவாங்க. அவன் நல்ல பிள்ள, நிப்பான், கையத் தூக்குவான்." மூச்சு வாங்கினார். "அவனப் பெத்த பொண்ணு அப்ப வீட்டுல போனப் புடிச்சிக்கிட்டு நிக்கும். அதுக்கு அந்தச் சத்தம் கேக்கக்கூடாது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

வாசுகி மலாயில் சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி புத்தகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். அன்றைக்குப் போனில் என்ன கேட்டீர்கள், மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

அம்மா சொல்லத் தொடங்கினார்.