நாகூர் மீரான் கடைக் குழம்பு

நாகூர் மீரான் மறந்துபோனவை எல்லாம் அவர் கடையில் சாப்பிட்டவர்களுக்கு நினைவுக்கு வந்தன. முதலில் போனது அவருடைய கல்யாண நாள். சூலியா தெருவில் பணம் மாற்றும் கடையில் வேலை பார்க்கும் ஹைருல், ஒரு மதியம் கோழிக் குழம்பும் மாட்டிறைச்சிக் குழம்பும் கலந்து ஊற்றிய சோற்றைப் பாதி தின்றுவிட்டு, எச்சில் கையைத் தட்டிலேயே வைத்தபடி, கல்லாவில் இருந்த சலேஹாவைப் பார்த்து, "மாமி, உங்க நிக்காஹ் அன்னிக்கு மழைல்ல? பந்தல் ஒழுகி உங்க பச்சைப் புடவையெல்லாம் நனைஞ்சுபோச்சே" என்றான். அவன் பிறப்பதற்கு முன்பு நடந்த கல்யாணம் அது. சலேஹா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் அகப்பையோடு நின்றுகொண்டு, யாருடைய கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விசாரித்தார்.

பினாங்குத் தீவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சோற்றில் பல குழம்பைக் கலந்து ஊற்றித் தரும் அந்த நாசி கண்டார் கடையில் பிறகு இது வழக்கமாகிவிட்டது. ரோஹானா என்ற ஆசிரியை மீன் தலைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, நாகூர் மீரான் சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்த காயத்தின் தழும்பைத் தன் முழங்காலில் தேடினார். காலையிலேயே வரும் ஒரு சீனப் பெரியவர், நாகூர் மீரானின் தகப்பனார் இறந்த செய்தி வந்த நாளை நினைத்து மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். ஒரு நினைவு ஒருவருக்குத்தான் போனது. அது யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியவில்லை. குழம்பில் காரம் அதிகம் என்று குறைப்படுவதைப் போலவே, இன்று நினைவு அதிகம் என்றும் சிலர் குறைப்பட்டார்கள். ஆனால் வராமல் இருக்கவில்லை. நாகூர் மீரானின் கைகள் மட்டும் எதையும் மறக்கவில்லை. எந்தச் சட்டியை எப்போது கிளற வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

அல்சைமர் என்றார் மருத்துவர். மகள் ஷஹீரா உடன் போயிருந்தாள். மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கு உணவு வகுத்துக் கொடுப்பது அவள் வேலை. அத்தாவின் கடைத் தேங்காய்ப்பாலோடும் எண்ணெயோடும் கல்லூரிக் காலத்திலிருந்தே சண்டை போட்டுக்கொண்டிருப்பவள். பதில் தெரிந்திருந்தும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். கீரை, மீன், பருப்பு, கொட்டை வகைகளை அதிகமாகவும், கொழுப்பு, இனிப்பு, உப்பைக் குறைவாகவும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன, குறையலாம் அவ்வளவுதான், வந்துவிட்டதைத் திருப்பி அனுப்பும் சாப்பாடு எதுவும் கிடையாது என்று மருத்துவர் சொன்னார். 'குறையலாம்' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஷஹீரா வீட்டுக்கு வந்தாள். அத்தாவின் மறதியைத் தடுத்து நிறுத்த முடியாது. அம்மாவுக்குப் பல வருடமாக இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருந்தன, அவையும் அந்த மறதிக்கே இழுத்துக்கொண்டு போகக்கூடியவை. அன்றிலிருந்து அம்மாவின் தட்டு அவள் பொறுப்பானது. ஓட்ஸ் கஞ்சி, ஆவியில் வெந்த மீன், உப்புக் குறைந்த கீரை. சலேஹாவும் பயந்துபோய், கடைக் குழம்பைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

சலேஹாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஷஹீராவுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. பிரசவத்தில் வலிப்பு வந்து அவள் நினைவு தப்பிக் கிடந்தாள். கண் விழித்தபோது பிள்ளை பிறந்து, அரை நாள் உயிரோடு இருந்து, அடக்கமும் ஆகியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தவர், கையில் வைத்திருந்தவர், நாகூர் மீரான் மட்டும்தான். ஆண் பிள்ளை என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று அவளும் கேட்டதில்லை. என்றைக்காவது கேட்டுக்கொள்ளலாம் என்றே ஓர் ஆயுளைத் தள்ளிவிட்டாள். இப்போது ஒரு காலையில், அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏங்க, அந்தப் புள்ள முகம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார். உரித்த வெங்காயத்தையே மறுபடி உரிக்கப் பார்த்தார். "இருக்கு சலேஹா. வாய்க்குத்தான் வரமாட்டேங்குது."

அந்த நினைவு அவரை விட்டுப் புறப்படத் தயாராகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அன்று மதியம் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய், எல்லாச் சட்டியிலிருந்தும் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள். ஒரு வாய் தவறினால் அந்த முகம் வேறு யாருடைய தட்டிலாவது விழுந்துவிடும் என்ற பதற்றத்தில், பசிக்காத வேளையிலும் தின்றாள். வாடிக்கையாளர் யாராவது சாப்பாட்டை நிறுத்தி எங்கேயோ பார்த்தால், கல்லாவை விட்டு எழுந்து போய் என்ன வந்தது என்று கேட்டாள். கால் வீங்கியது, கண் மங்கியது. ஷஹீரா விரலில் குத்திப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது.

"சுகர் பதினெட்டும்மா, எட்டைத் தாண்டவே கூடாது! உங்களுக்கும் அத்தா மாதிரி ஆச்சுன்னா நான் யாருகிட்ட போயி நிப்பேன்?"

சலேஹா அப்போதுதான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "எவனோ ஒருத்தன் தின்னுட்டு, கையக் கழுவிட்டுப் போயிடுவான்டி. அப்புறம் நான் எங்க போயி தேடுவேன்?"

தனக்கு ஓர் அண்ணன் இருந்த செய்தி ஷஹீராவை அசைத்துவிட்டது. அவள் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். நினைவு இறங்குவது அத்தாவின் கையால்தான், கொழுப்பால் அல்ல என்று அவளுக்கு ஒரு சந்தேகம். தேங்காய்ப்பால் சேர்க்காத மீன் குழம்பும், பருப்பு போட்ட முருங்கைக் கீரையும் வைத்து, அகப்பையை அத்தாவிடம் கொடுத்தாள். அவர் எப்போதும்போலக் கிளறினார். "இது ஹாஸ்பிட்டல் சாப்பாடுலா" என்று ஹைருல் முகத்தைச் சுளித்தான். இரண்டு வாய் கீரை உள்ளே போனதும், நாகூர் மீரான் முதன்முதலில் கப்பலைப் பார்த்தபோது பட்ட பயம் தனக்கு வந்து, அவன் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு சலேஹா கீரையும் மீனும் மட்டும் சாப்பிட்டாள். கால் வீக்கம் வடிந்தது, சர்க்கரை இறங்கியது. அந்தச் சாப்பாடு அவளை மறதியிலிருந்தும் காக்குமா என்று ஷஹீராவுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் பல வருடம் பொறுத்திருக்க வேண்டும். நாகூர் மீரானுக்கு அதனால் ஒன்றும் நிற்கவில்லை. அவர் மறந்துகொண்டே இருந்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த கூட்டம் கலைந்த நேரத்தில், அவர் சலேஹாவிடம் இயல்பாகக் கேட்டார். "நமக்கு ஷஹீரா ஒரே புள்ளதானே?"

சலேஹா ஓடிப்போய்க் கீரைச் சட்டியைப் பார்த்தாள். காலியாகக் கிடந்தது. அவளும் அன்று சாப்பிட்டிருந்தாள், ஒன்றும் வரவில்லை. மிச்சமிருந்த மேசைகளைச் சுற்றி வந்து ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தாள். ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று அவளையே கேட்டார். பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குப் பிந்திய நாட்களில் அவள் கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தெருவில் போகிறவர்களின் முகத்தையெல்லாம் அவள் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, எதிர்க்கடைக்காரர்கள் அவளுக்கும் அந்த நோய் வந்துவிட்டதோ என்று பேசும்படி ஆயிற்று. ஷஹீராவும் அதைத்தான் நினைத்தாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

திருநாவுக்கரசு வந்தது அதற்கடுத்த வாரம். கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், வேலை விஷயமாகத் தீவுக்கு எப்போதாவது வருகிறவர். வாசலில் சலேஹாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவருடைய இடது கை மார்போடு சேர்ந்து மடங்கியிருந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. என் வைஃப் ருக்குமணிக்கு பிரஷர். டாக்டர் கீரை சாப்பிடச் சொன்னாருன்னு அன்னிக்கு வெள்ளிக்கிழமை இங்கேர்ந்து பொட்டலம் கட்டி புங்குஸ் பண்ணிட்டுப் போனேன். அவ வேணாம்னுட்டா, நான் தின்னேன். அன்னிலேர்ந்து என் கையில ஒரு புள்ள இருக்கு."

சலேஹா மகளைக் கூப்பிட்டாள். ஷஹீரா ஓடி வந்து அவரை உள்ளே உட்கார வைத்தாள்.

அவர் சொன்னார். நிறைய முடி, நெற்றி வரைக்கும். வலது காது மட்டும் நுனியில் கொஞ்சம் மடங்கியிருந்தது. சலேஹா தன் வலது காதைத் தொட்டுப் பார்த்தாள், ஷஹீராவும் தொட்டாள். பிள்ளை அழவே இல்லை என்றார், ஒரு தடவை கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தது என்றார். "பொறந்த புள்ள காதுல சொல்ற வாங்கு எனக்குத் தெரியாதுக்கா. நான் கோயிலுக்குப் போறவன். ஆனா அந்தக் காதுல நான்தான் சொன்னேன். முழுசா சொன்னேன்."

நாகூர் மீரான் அகப்பையோடு வந்து, யாரோ ஒருவரின் துக்கத்தைக் கேட்பதுபோல நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திருநாவுக்கரசுவின் தோளில் கை வைத்தார்.

"புள்ளைக்கு என்ன பேரு வெச்சீங்க தம்பி?"

"இர்வான்" என்றார் திருநாவுக்கரசு.

அந்தப் பெயரை சலேஹா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஷஹீரா ஒரு தட்டில் சோறும் மீனும் கீரையும் வைத்துத் திருநாவுக்கரசுவின் முன்னால் நகர்த்தினாள். அவர் ஒற்றைக் கையால் சாப்பிட்டார், இடது கை மடங்கியபடியே இருந்தது.

இப்போது அவர் மாதத்துக்கு ஒருமுறை ஃபெரி ஏறி வருகிறார். சில சமயம் ருக்குமணியும் வருகிறாள். கணவருக்குத் தூக்கத்தில்கூட அந்தக் கை நிமிர்வதில்லை என்று சாதாரணமாகச் சொல்கிறாள். தொழிற்சாலையில் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், வீட்டில் இரண்டு, பினாங்கில் ஒன்று என்கிறார் திருநாவுக்கரசு. கேட்டவர்களும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.