கடுகின் எடை

அந்த வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிற அம்மா. இன்னொருத்தி, இன்னும் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத கடைக்குட்டி. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஒரு மழைநாளில் மூட்டையோடு வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்தான், இன்னும் கையை எடுக்கவில்லை. பெரியவளும் நடுவுலவளும் பள்ளிக்கூடம் போய்ப் பசியைச் சம்பாதித்துக்கொண்டு வந்தார்கள்.

கடைக்குட்டிக்குக் கடுகு என்ற பெயர் பிறந்த அன்றே விழுந்துவிட்டது. அத்தனை சின்ன உருவம். வேறொரு நல்ல பெயரும் வைத்தார்கள், ஆனால் அதைக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லை.

கொஞ்சக் காசில் சத்தாகச் சாப்பிடுவது எப்படி என்று அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடை மூடுகிற நேரம் பார்த்துக் காய்க்கடைக்குப் போவாள். முட்டைக்கோஸின் வெளி இலை, முள்ளங்கித் தழை, கடைக்காரன் குப்பைக் கூடைக்குத் தள்ளப்போகிற எல்லாம் அவள் பைக்குள் போகும். கீறல் விட்ட முட்டையைப் பாதி விலைக்குக் கேட்டு வாங்குவாள். பருப்பில் நொய்யாகப் பார்த்து வாங்கி, தூசியைப் புடைத்தெடுத்து, ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக்கூடச் சோற்றில் ஊற்றுவாள். கொட்டினால் சாமி கண்ணைக் குத்தும் என்பாள். அவ்வளவு சாமர்த்தியம் இருந்தும், ஐந்து வயிற்றுக்கு முன்னால் அது ஒரு மூலைக்கும் காணவில்லை. அம்மாவுக்கு அடிக்கடி தலை சுற்றும். பாத்திரத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சுற்றி முடிந்ததும் மறுபடி தேய்ப்பாள்.

தெருக்கோடியில் ஒரு சத்து நிலையம் இருந்தது. மாதம் ஒருமுறை அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பார்கள். கூரையில் ஒரு கொக்கி, கொக்கியில் தராசு, அதன் அடியில் துணிக்கூடை. தராசின் வட்டத்தைச் சுற்றி வண்ண வளையம். பிள்ளையின் வயதுக்குத் தக்கபடி அந்த வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூடையில் உட்கார வைப்பார்கள். முள் சிவப்பில் நின்றால் ஒரு பெரிய டப்பா சத்துமாவு, ஒரு அட்டை முட்டை, ஒரு பாட்டில் எண்ணெய். மஞ்சளில் நின்றால் புத்திமதி. பச்சையில் நின்றால் எல்லோரும் கை தட்டுவார்கள். எடை பார்க்கிற அம்மாளுக்குத் தெருவே வைத்த பெயர் எடையம்மா. நல்ல மனுஷி. நல்ல மனுஷி என்பதாலேயே சட்டத்தை இம்மியளவும் மீற மாட்டாள்.

கடுகின் முள் முதல் தடவையே சிவப்பில் நின்றது. டப்பா வந்தது. ‘குழந்தைக்கு மட்டும்’ என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வீட்டில் யார்தான் குழந்தை இல்லை? அப்பாகூட ஒருத்தி பெற்ற குழந்தைதான். மாவைக் கரைத்து ஐந்து தம்ளரில் ஊற்றினாள் அம்மா. முட்டை பிள்ளைகளுக்குப் பாதிப் பாதி, அப்பாவுக்கு முழுசு. சில மாதங்களில் பெரியவளுக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. அம்மாவுக்குத் தலைச்சுற்றல் நின்றது. கடுகும் தேறினாள். அதில்தான் வந்தது வினை.

அந்த மாதம் முள் சிவப்பைத் தாண்டி, மஞ்சளையும் தாண்டிப் பச்சையின் ஓரத்தைத் தொட்டது. நிலையமே கை தட்டியது. எடையம்மா கடுகின் நெற்றியில் ஒரு காகித நட்சத்திரத்தை ஒட்டினாள்.

“டப்பாம்மா?” என்றாள் அம்மா.

“இனி எதுக்கும்மா டப்பா? புள்ளதான் தேறிட்டாளே. இதே மாதிரி கவனிச்சுக்குங்க, போதும்.”

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் பார்த்தது பையை. பை மடித்தபடியே இருந்தது. கடுகு தன் நெற்றியைக் காட்டினாள். “நச்சத்திரம் குடுத்தாங்கப்பா.”

“இதையா வறுத்துத் திங்கிறது?” என்றார் அப்பா.

கடுகு நட்சத்திரத்தைப் பிய்த்து எடுத்தாள். எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் முழுக்க வீட்டில் சட்டியைச் சுரண்டுகிற சத்தம்தான் கேட்டது. அம்மா மறுபடி தொட்டி விளிம்பைப் பிடிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த எடை நாளுக்கு முந்தின சாயங்காலம் அம்மா கடுகுக்கு மட்டும் சோறு போடவில்லை. பருப்புத் தண்ணீர் கொடுத்தாள். காலையில் அதுவும் இல்லை. ஒரு ராத்திரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தராசு ஒரு ராத்திரிக்கெல்லாம் ஏமாறுகிற தராசு இல்லை. முள் மஞ்சளில் நின்றது. அதனால் அதற்கடுத்த மாதம் ஒரு ராத்திரி ஒரு வாரமாயிற்று. பிள்ளை அழும்போது மடியில் போட்டுத் தட்டினாள். தட்டிய கையால்தான் தட்டையும் எடுத்து வைத்தாள். முள் சிவப்புக்குத் திரும்பியது.

டப்பாவோடு வந்த கடுகை, இடுப்பு வலியையும் மறந்து, அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். “நம்ம முதலாளி வந்துட்டாங்க. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க பாப்போம்.”

பெரியவளும் நடுவுலவளும் எழுந்து நின்று சலாம் போட்டார்கள். அம்மாகூடச் சிரித்தாள். கடுகுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளுக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. அன்றிலிருந்து அப்பா அவளை முதலாளி என்றே கூப்பிட்டார்.

அப்புறம் யாரும் தட்டை எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. பாராட்டிலேயே வயிறு நிறைந்துவிடுகிற வயது. “எனக்குப் போதும். தின்னா முள்ளு ஓடிரும்” என்று அவளே தட்டைத் தள்ளினாள். தள்ளின தட்டு எந்தப் பக்கம் போகும் என்று அக்காமார்களுக்குத் தெரியும். சோறு போட்டதுமே நடுவுலவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

“கடுகு, உனக்கு வேணாம்ல?”

“வேணாம்க்கா.”

“முட்டையும்?”

கடுகு முட்டையைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். “மோந்து பாத்துட்டுத் தரேன்” என்பாள்.

அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “பசிக்கலைங்குது புள்ள. விடேன்” என்பார். அப்பாவின் மேல் இரக்கப்படத் தோன்றுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

குளிர்காலம் வந்தது. கடுகுக்குக் காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. முழங்காலில் பட்ட சிராய்ப்பு ஆறவே இல்லை. தெருவில் ஓடிக்கொண்டிருந்தவள் வாசல்படியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தாள். ஒருநாள் குளிப்பாட்டும்போது அம்மாவின் கை பிள்ளையின் விலாவில் நின்றுவிட்டது. தேய்த்துத் தேய்த்து அடி மெலிந்துபோன பாத்திரம் எப்படி இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். இனி ஒரு தேய்ப்பு தாங்காது. இதுவரை அம்மா பசிக்குப் பயந்திருக்கிறாள். தன் கைக்குப் பயந்தது அன்றைக்குத்தான்.

தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள், “கடுகு, உனக்கு விஷயம் தெரியுமா? சட்டத்தை மாத்திட்டாங்களாம். இனிமே குண்டுப் புள்ளைங்களுக்குத்தான் டப்பாவாம்.”

கடுகு யோசித்தாள். “நெசமாவா?”

“அம்மா பொய் சொல்வேனா?”

கடுகு சாப்பிட்டாள். அப்படி ஒரு சாப்பாட்டை அந்த வீடு பார்த்ததில்லை. அப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்து அம்மா போட, முழு முட்டை சாப்பிட்டாள், தம்ளரை நக்கினாள், பருப்பை வழித்து விரலைச் சூப்பினாள். இன்னும் என்று கேட்டாள். எச்சில் ஊறப் பார்த்துக்கொண்டிருந்த நடுவுலவளின் தொடையில் அம்மா நறுக்கென்று கிள்ளினாள். “நான் குண்டாயி ரெண்டு டப்பா வாங்கித் தரேன்” என்று கடுகு அக்காவைத் தேற்றினாள். பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எடை நாளில் முள் மஞ்சளில் நின்றது. கூடையில் உட்கார்ந்தபடியே கடுகு இரண்டு கையையும் நீட்டினாள், டப்பா வாங்க.

“மஞ்சளுக்கு வந்துட்டியே ராசாத்தி” என்றாள் எடையம்மா. “டப்பா செவப்புல இருக்கிற பாப்பாங்களுக்குத்தான்.” பிறகு சுவரில் இருந்த படங்களைக் காட்டி அம்மாவுக்குப் புத்திமதி சொன்னாள். “கீரை, பருப்பு, முட்டை. பெரிய செலவே இல்லம்மா. மனசு வெச்சாப் போதும்.”

அம்மா தலையாட்டினாள். கடுகு படங்களைப் பார்க்கவில்லை. நீட்டின கையை மடக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அப்பா மடித்த பையைப் பார்த்தார். விஷயம் நடுவுலவள் வாயிலிருந்து வந்தது: பிள்ளைகள் முட்டையெல்லாம் கடுகுக்கே போனதும், அம்மா சொல்லிக் கொடுத்த பொய்யும். அப்பா எழுந்து அம்மாவை அறைந்தார். “அஞ்சு பேரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி” என்று மறுபடியும் கையை ஓங்கினார். அவர் காலைக் கட்டிக்கொண்டது கடுகுதான்.

“அம்மாவ அடிக்காதப்பா. நான்தான் தின்னேன். இனிமே தின்ன மாட்டேன்.”

அந்த வீட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள் அவள் ஒருத்திதான். காப்பாற்றினாள். அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊட்டினாள். கடுகு வாயில் வாங்கிக்கொண்டு, அம்மா கேண்டீனுக்குப் போகும்வரை காத்திருந்து துப்பினாள். அம்மா என்ன சொன்னாலும் அவளுக்கு அது பொய்தான்.

அடுத்த தடவை முள் எங்கே நின்றது என்று தேட வேண்டியிருந்தது. சிவப்பின் ஆரம்பத்தில், ரத்தம் உறைந்த நிறத்தில் ஒரு சின்னப் பட்டை உண்டு, அதில் கிடந்தது. எடையம்மா கைதட்டவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. “ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடும்மா. இப்பவே ஓடு. இதுக்கு ரெண்டு டப்பா உண்டு, அத அப்புறம் உங்க வீட்டுக்காரரை வரச்சொல்லி வாங்கிக்க.”

ஆஸ்பத்திரியில் கடுகு ஒரு பெரிய கட்டிலில் தொலைந்துபோய்க் கிடந்தாள். மூக்கில் குழாய் போட்டார்கள். பிடுங்கி எறிந்தாள். மறுபடி போட்டார்கள். மூக்கில் ரத்தம் வந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“ரொம்ப முத்திப்போச்சும்மா. கொஞ்சம் கொஞ்சமா வாய் வழியா இறங்கணும். இன்னிக்கு அவ சாப்பிட ஆரம்பிச்சாப் பொழைச்சுக்குவா. இல்லன்னா எங்க கையில இல்ல.”

ஒரு கிண்ணத்தில் பால்கரைசலும் கரண்டியும் கொடுத்துவிட்டுப் போனார். கரண்டியைக் கொண்டுபோனாலே கடுகு பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மா நர்ஸிடம் போனை இரவல் வாங்கி அப்பாவைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, உடனே வாங்க. வந்ததும் அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நிலையத்தையே மூடிட்டாங்க, இனிமே யாருக்கும் டப்பா கிடையாதுன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா.”

“சொல்றேன்” என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. “சொல்றேன்டி. எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அழுதிருந்தார், உண்மையாகவே அழுதிருந்தார். சொல்ல வேண்டியதைப் பிசகாமல் சொன்னார்.

“முதலாளி, நிலையத்தையே மூடிட்டாங்கடா. இனிமே யாருக்கும் டப்பா கிடையாது. நீ எவ்ளோ வேணாலும் சாப்பிடலாம்.”

கடுகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. உதடு கொஞ்சம் பிரிந்தது. அம்மா கரண்டியைக் கொண்டுபோய் அந்த இடைவெளியில் வைத்தாள். ஒரு சொட்டு உள்ளே போனது. கடுகின் தொண்டை அசைந்தது. அம்மா அடுத்த சொட்டுக்குக் கரண்டியைச் சாய்த்தாள்.

அப்பா கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தார். அந்தக் கையில் இருந்த பையைத் தரையில் வைத்தார். ணங் என்று சத்தம் கேட்டது. பை சாய்ந்து, அதிலிருந்து ஒரு டப்பா வெளியே உருண்டு கட்டில் காலில் இடித்து நின்றது. பையின் வாயில் இன்னொரு டப்பாவின் மூடி பளபளத்தது.

கடுகு தலையைத் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாயிற்று.

“ரெண்டா?” என்றாள். வாயை மூடிக்கொண்டாள். பால் உதட்டோரமாக வழிந்து காதுக்குப் போனது.

“வெளியில வெச்சுட்டு வந்திருக்கக் கூடாதாய்யா?” என்றாள் அம்மா. சத்தமே வரவில்லை.

“வெளியில வெச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்” என்றார் அப்பா. பிறகு இடுப்பைப் பிடித்தபடி குனிந்து, உருண்டுபோன டப்பாவை எடுத்து, எங்கேயாவது நசுங்கியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.