ஐந்தரை மணிக்குத் திறந்த பானெட்

எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. அரும்பாவூருக்கே தெரியும், வெற்றிச்செல்வி அப்படித்தான் என்று. அதனால்தான் என் வேன் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தபோது நான் இன்ஜினைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தேன்.

ஆள் என்றால் சகாய ஆனந்த், என் டிரைவர். ஏலாக்குறிச்சிக்காரன், மாதாவைக் கும்பிடுகிறவன். நாலு வருஷமாக எங்கள் தெருவிலேயே பெண்டாட்டி, பிள்ளையோடு வாடகைக்கு இருந்தான். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் பார்க்கும் ஒன்பது பெண்களை ஏழு மணிக்குள் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. ஒரு நாள்கூட லேட் பண்ணியதில்லை.

ஆயுத பூஜை முடிந்து நாலு நாளில் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றும், சுற்றும், பிடிக்காது. தப்பித் தவறிப் பிடித்தாலும் ஐடிலிங்கில் நிற்காமல் வண்டியே உதறும், குளிர்ஜுரக்காரன் மாதிரி. பத்து நிமிஷம் ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சூடேற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மூன்றாம் நாள் ஆனந்த் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அக்கா, பூஜைக்கு இன்ஜின்ல வச்ச பொட்டெல்லாம் தொடச்சிரட்டுங்களா? ஒரு எடத்துல ஈரம் நிக்கிற மாதிரி தெரியுது."

என் வாய் சும்மா இருக்குமா?

"சாமிக்கு வச்ச பொட்டு ஒனக்கு ஏன் உறுத்துது?"

அவன் முகம் சுருங்கிப்போனது. வண்டியை எடுக்கப் போய்விட்டான். அதையும் நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் மெக்கானிக் பாலசுந்தரத்திடம் வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே போனதும் சனியன் பிடித்த வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. பிளக்கைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். சூடான வண்டியில் இந்தக் கோளாறு தெரியாது, ராத்திரி இங்கே விட்டுட்டுப் போங்க, காலையில் ஆறிய இன்ஜினைப் பார்க்கிறேன் என்றார். ஊரான் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வர எனக்கென்ன கிறுக்கா? எதைக் கழற்றி எதை மாட்டுவாரோ. முடியாது என்று திரும்பிவிட்டேன்.

பட்டறையில் ஒழுங்காக ஓடும் வண்டி என் வாசலில் மட்டும் ஏன் உதற வேண்டும்? யாரோ வாசலில் வைத்து ஏதோ செய்கிறார்கள். எங்கள் ஊர் செந்தில்குமார் புதுசாக ஒரு வேன் எடுத்து என் ஒன்பது பேர் மேல் கண் வைத்திருந்தான். ஆனந்தும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததை நானே பார்த்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் விடிகிற நேரம் ஜன்னலோரம் நின்றேன். ஆறு மணிக்கு வர வேண்டியவன் ஐந்தரைக்கே வந்தான். சத்தம் இல்லாமல் பானெட்டைத் திறந்தான். குனிந்து உள்ளே கைவிட்டு என்னவோ செய்தான். வாயால் ஊதினான். இரண்டு கையாலும் அமுக்கி, சத்தம் வராமல் மூடினான். அன்றைக்கு வண்டி இரண்டாவது திருகலிலேயே பிடித்துக்கொண்டது. கெடுக்கத் தெரிந்தவனுக்குத்தானே சரி பண்ணவும் தெரியும்?

அதற்கு மறுநாளும் அதே ஐந்தரை. கதவைத் திறந்து எதிரில் போய் நின்றேன். கையில் துணியோடு நிமிர்ந்தான்.

"ஈரத்தத் தொடைக்கிறேன்க்கா," என்றான்.

சாவியை வாங்கிக்கொண்டு, இனிமேல் வர வேண்டாம் என்றேன். தெருவே கேட்கும்படி செந்தில்குமார் பெயரையும் இழுத்தேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படிப் பேசும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகு வண்டி சுத்தமாகப் படுத்துக்கொண்டது. நானே ஓட்டலாம் என்று உட்கார்ந்தால், ஐப்பசி மழை ஈரத்தில் அரைமணி நேரம் திருகினாலும் பிடிக்கவில்லை. ஒன்பது பேரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். இப்போது யாரைச் சந்தேகப்படுவது?

வீறாப்பை விழுங்கிவிட்டுப் பாலசுந்தரத்தைக் கூப்பிட்டேன். சாவியையே தொடாதீங்க என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கு பைக்கில் வந்தார். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் பண்ணினார். வண்டியை இப்பத்தான் ஓட்டினீங்களா என்று கேட்டார். நேற்றிலிருந்து நகரவே இல்லை என்றேன். இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னு கெடக்குங்க. ஆனா கம்ப்யூட்டரு எம்பத்தி நாலு டிகிரி சூடுன்னு நம்பிக்கிட்டு இருக்கு. சூடான இன்ஜினுக்குக் குடுக்குற மாதிரி பெட்ரோலக் கொறச்சுக் குடுக்குது. அப்பறம் எப்படிப் புடிக்கும்?"

சூட்டை அளந்து சொல்லும் சென்சார் ஒன்று இருக்கிறது, கட்டைவிரல் அளவு. அதில் மாட்டும் சாக்கெட்டின் லாக் உடைந்து வாய் பிளந்திருந்தது. உள்ளே சந்தனமும் குங்குமமும் குழைந்து அப்பியிருந்தன. காலையில் அது ஈரம் வாங்கிப் பொய்க் கணக்குச் சொல்கிறது, இன்ஜின் சூட்டில் காய்ந்ததும் உண்மை பேசுகிறது. அதனால்தான் பட்டறையில் அகப்படவில்லை. பூஜையன்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் பொட்டு வைத்தவள் நான்தான். டார்ச் அடித்தவர் இன்னும் கிட்டக் குனிந்தார்.

"இத யாருங்க தொடச்சது? பொட்ட மட்டும் உட்டுட்டு சுத்தித் தொடச்சிருக்காங்களே."

நானும் குனிந்து பார்த்தேன். சாக்கெட்டைச் சுற்றிப் பளிச்சென்று இருந்தது. நடுவில் நான் வைத்த பொட்டு, வைத்தபடியே, வட்டம் கலையாமல் இருந்தது. நானே அதைத் துடைத்தெடுத்தேன், அவர் புது சாக்கெட் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சிக்கு வேனை நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஆனந்த் வாசலுக்கு வந்தான். வாங்கக்கா என்றான், டீ போடச் சொன்னான். நான் பானெட்டைத் திறந்து காட்டினேன். பொட்டு இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"ஏம்ப்பா, இதுதான்னு அன்னைக்கே வெளிப்படையா சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்லக்கா. மூணாம் நாளே சொன்னேன்."

திரும்பி வந்துவிடு என்று கேட்டேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரி ஓட்டச் சேர்ந்துவிட்டானாம், பிள்ளையையும் இங்கேயே பள்ளிக்கூடத்தில் போட்டாயிற்றாம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேருங்கள் என்று சொல்லி, இரண்டு கையாலும் அமுக்கிச் சத்தமில்லாமல் பானெட்டை மூடினான்.

சாவியைத் திருகினேன். பாழாய்ப்போன வண்டி, அன்றைக்கென்று பார்த்து முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது.